அந்த நாலு பேர்

சென்னையின் தெற்குப் புறநகரான பீர்க்கன்கரணையிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் வடக்கே ஐந்தாறு கிலோமீட்டர் போனால் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையம். இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய்ச் சிகிச்சை நிலையம் நடத்திய டாக்டர் டேவிட் சௌரி முத்து, 1928-ல் பச்சைமலைப் பக்கம் தொடங்கிய சானடோரியம்தான் அந்த நிலையத்துக்குப் பெயர் கொடுத்தது. 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, ஊரை விட்டு விலகிய இடம். மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் காசநோயாளிக்குக் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

ஊரை விட்டு விலகியிருப்பதில் இன்னொரு வசதியும் இருந்தது. வீட்டில் ஒருவருக்குக் காசம் என்று தெரிந்தால் அவருடைய தங்கைக்கு வரன் அமையாது. கொடுக்கல் வாங்கல் நின்றுபோகும். நோயாளி கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் "வேலை விஷயமா வெளியூர் போயிருக்கார்" என்று சொல்லிச் சமாளிக்கலாம். தொற்றுக்குப் பயந்து விலக்கியது எவ்வளவு, ஊர் வாய்க்குப் பயந்து விலக்கியது எவ்வளவு என்று அன்றைக்கு யாராலும் பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது.

பிரித்துக் காட்டிய ஆராய்ச்சி சென்னையிலேயே நடந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சானடோரியம். மறு பகுதியினருக்கு வீடு. அதுவும் நெருக்கடியான ஏழை வீடுகள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு வாழ்ந்த உறவினர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மருந்து என்ற முறை வந்ததற்கு இந்தச் சென்னை ஆய்வு பெரிய காரணம்.

ஆனால் தனித் தட்டும் தனி டம்ளரும் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். கிருமியின் ஆபத்து குறைந்துவிட்டது, அவமானம் குறையவில்லை. மனித மனத்தைப் படிக்க விரும்புகிறவர் கவனிக்க வேண்டியது இந்த இடைவெளியை. ஆபத்துக்கும் அவமானத்துக்கும் தொடர்பு அவ்வளவு இறுக்கமானதாக இல்லையென்றால், அவமானம் எதை அளந்துகொண்டிருக்கிறது?

உடம்பிலிருந்து தொடங்கலாம். 2004-ல் ஏதென்ஸ் நகரில் நடந்த ஒலிம்பிக், பாராலிம்பிக் ஜூடோ போட்டிகளின் புகைப்படங்களை ஜெசிகா டிரேசி, டேவிட் மட்சுமோட்டோ என்ற இரு உளவியலாளர்கள் சேகரித்து ஆராய்ந்தார்கள். தோற்ற வீரர்களின் தோள் தொங்கியது, மார்பு குறுகியது. பிறவியிலேயே பார்வையற்ற வீரர்களிடமும் அதே குறுகல். தோற்றவன் எப்படி நிற்பான் என்பதை அவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. "கூனிக் குறுகிப் போயிட்டேன்" என்று நம் வீடுகளில் சொல்வது உடம்பு உண்மையிலேயே செய்யும் வேலை. யாரும் கற்றுக்கொடுக்காமல் வருவது.

உள்ளே நடப்பதும் அளக்கப்பட்டிருக்கிறது. நெருக்கடி நேரத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைப் பற்றிய 208 ஆய்வுகளை சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி இருவரும் 2004-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கடினமான கணக்கைத் தனியாகப் போடச் சொன்னால் அவ்வளவாக ஏறாத கார்ட்டிசால், அதே கணக்கை மற்றவர்கள் எடைபோட்டுப் பார்க்கும்போது ஏறியது. தன் கையில் எதுவுமில்லை என்ற நிலையும் சேர்ந்துகொண்டால் உச்சத்துக்குப் போனது.

ஆக, அவமானம் பார்க்கிற கண்களோடு சம்பந்தப்பட்டது. எந்த அளவுக்கு? டேனியல் ஸ்னைசரும் சகாக்களும் அமெரிக்கா, இந்தியா, இஸ்ரேல் ஆகிய மூன்று நாடுகளில் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. ஒரு குழுவிடம், இன்ன காரியத்தை ஒருவர் செய்தால் உங்கள் மதிப்பில் அவர் எவ்வளவு இறங்குவார் என்று கேட்டார்கள். வேறொரு குழுவிடம், நீங்களே அதைச் செய்திருந்தால் எவ்வளவு வெட்கப்படுவீர்கள் என்று கேட்டார்கள். இரு குழுக்களும் பேசிக்கொண்டதில்லை. ஆனாலும் இரண்டு வரிசைகளும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போயின. இரண்டு வருடம் கழித்து உலகின் பல மூலைகளில் உள்ள 15 சிறு சமூகங்களிலும் இதே ஒற்றுமை தெரிந்தது. சூடு பட்டால் வலி எப்படித் தோலைக் காக்கிறதோ, அப்படி மற்றவர் மனத்தில் நமக்குள்ள மதிப்பைக் காக்க வந்தது அவமானம் என்பது இவர்கள் வாதம். மதிப்பு இழந்தவனுக்கு வேட்டையில் பங்கு கிடைக்காது, நோய்ப்பட்டால் கஞ்சி கிடைக்காது. லட்சக்கணக்கான ஆண்டுகள் மனிதன் அப்படித்தான் வாழ்ந்தான். "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற கேள்வியை ஏளனமாக ஒதுக்க எனக்கு மனம் வராதது இதனால்தான். அது உயிர் பிழைத்தலோடு கூடவே வளர்ந்த கேள்வி.

இந்தப் புறநகருக்கு அந்தக் கேள்வி இரட்டிப்பாக உண்டு. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு இணையும்வரை பேரூராட்சியாக இருந்த பீர்க்கன்கரணையில், தென்மாவட்டங்களிலிருந்து வந்து மனை வாங்கி வீடு கட்டியவர்கள் நிறைய. அவர்களைப் பார்க்கும் கண்கள் இரண்டு ஜோடி: தெருவின் கண்கள், சொந்த ஊரின் கண்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தின இரவு பெருங்களத்தூரில் தெற்கே போகும் பேருந்துக்குப் பையும் பிள்ளையுமாக நின்ற கூட்டம், 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துக்கு இப்போது இடம் மாறிவிட்டது. அந்தக் கூட்டத்தில் பலர் மனத்துக்குள் பதில் தயாரித்துக்கொண்டிருப்பார்கள். "இன்னும் வாடகை வீடுதானா மாப்ளே?" என்று யார் கேட்பார், என்ன சொல்லலாம் என்று. தெருவில் கௌரவமான மனிதர் ஊரில் தலைகுனிய நேரலாம். அதே மனிதர், அதே சம்பளம், பார்க்கிறவர்கள் மட்டும் வேறு.

இங்கே ஒரு கொடுமை இருக்கிறது. கண்கள் இறக்கி மதிப்பிட்டாலே போதும், தவறு செய்திருக்கவே வேண்டியதில்லை. 2018-ல் தெரசா ராபர்ட்சனும் ஸ்னைசர் முதலியோரும் நடத்திய சோதனையில், ஒரு குழு பொதுவில் பணம் போட்டு விளையாடியது. தன் பங்கை முழுதாகப் போட்டவர்களும்கூட, மற்றவர்கள் தங்களை ஒதுக்கியபோது வெட்கப்பட்டார்கள். தன் மேல் பிழையில்லை என்று தெரிந்தும்.

இதைச் சென்னை வேறு வழியில் முன்பே கண்டுவிட்டது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் ரத்த மாதிரிகள் சேகரித்தார்கள். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு மயிலாப்பூரில் ஓர் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் ரத்தம். வேலூர் சிஎம்சியில் சோதித்தபோது ஆறு பேருக்கு எச்ஐவி தெரிந்தது. இந்தியாவில் அதுவே முதல் கண்டுபிடிப்பு. அந்த நிமிடமே இந்த நோய்க்கு ஒரு முகவரி எழுதப்பட்டுவிட்டது: "அந்த மாதிரி ஆட்களுக்கு வருவது." சாலமன் 1993-ல் ஒய்ஆர்ஜி கேர் என்ற அமைப்பைத் தொடங்கினார். அங்கே வந்த 134 எச்ஐவி பெண்களைப் பற்றி 2000-ல் வெளியான ஆய்வு அந்த முகவரியைக் கிழித்தது. ஐந்தில் நான்கு பேர் வீட்டோடு இருக்கும் மனைவியர். பத்தில் ஒன்பது பேருக்கு அருகில், வாழ்நாளில் ஒரே துணை. கணவனிடமிருந்து வந்த கிருமி. ஆனாலும் கூசிப்போனவர்கள் அந்தப் பெண்கள். புகுந்த வீட்டில் "எம்புள்ளைய முழுங்கிட்டா" என்ற சொல்லையும் கேட்டுக்கொண்டு கூசினார்கள்.

குற்றவுணர்வை அவமானத்திலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டியது இதனால் முக்கியமாகிறது. ஹெலன் பிளாக் லூயிஸ் 1971-ல் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டார். குற்றவுணர்வு செயலைப் பார்க்கிறது: "இப்படிச் செஞ்சுட்டேனே." அவமானம் ஆளைப் பார்க்கிறது: "நான் இப்படிப்பட்டவன்." முதலாவதற்கு அடுத்த அடி இருக்கிறது, மன்னிப்புக் கேட்கலாம், ஈடு செய்யலாம். இரண்டாவதில் மறைந்துபோகத்தான் தோன்றும். ஜூன் டாங்னி என்ற உளவியலாளர் இந்தக் கோட்டின் இருபுறமும் உள்ள மனிதர்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்திருக்கிறார். அவரும் சகாக்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கச் சிறைக் கைதிகள் 476 பேர். குற்றவுணர்வு எளிதில் வருகிறவர்கள், விடுதலையான ஓராண்டில் மறுபடி குற்றம் செய்வது குறைவாக இருந்தது. அவமானம் எளிதில் வருகிறவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பழியைப் பிறர்மேல் போட்டவர்கள் மறுபடி குற்றத்துக்குப் போனார்கள். பழி போடாமல் தாங்கிக்கொண்டவர்கள் குறைவாகவே போனார்கள். ஒரே உணர்ச்சி, இரண்டு எதிரெதிர் வாழ்க்கைகள். அவமானம் மனிதனைத் திருத்துமா கெடுக்குமா என்ற பழைய பட்டிமன்றத்தில் இரு அணிக்கும் தீர்ப்பு கிடைக்காததற்கு இதுதான் காரணம். கேட்க வேண்டியது, அவமானம் வந்த பிறகு இந்த மனிதருக்கு எந்தப் பக்கம் வழி திறந்திருக்கிறது என்பதை.

அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் நேதன்சன் 1992-ல் நான்கு வழிகளைச் சொன்னார்: விலகி ஒளிவது, தன்னைத் தானே தாக்கிக்கொள்வது, பிறரைத் தாக்குவது, எதுவும் நடக்காததுபோல் தட்டிக்கழிப்பது. பீர்க்கன்கரணையின் ஏதோ ஒரு தெருவில் வைத்து இவற்றைப் பார்க்கலாம். வேலை போய்விட்ட ஒரு நடுத்தர வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவர் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிடலாம். "கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று தெரு சொல்லும். "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லித் திரியலாம். "பாவம், அடக்கமான மனுசன்" என்பார்கள். மனைவி "கரண்ட் பில் கட்டியாச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டதற்குத் தட்டு பறக்கலாம், "முன்கோபி." கடன் வாங்கி வளைகாப்புக்குப் பந்தல் போட்டு எல்லோரையும் கூப்பிட்டு விருந்து வைக்கலாம், அல்லது தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போவதுபோல் கிளம்பலாம், "ஜாலியான ஆளு, எதையும் அலட்டிக்க மாட்டார்."

தெரு சுபாவம் என்று பெயர் வைப்பது பல சமயம் அவமானத்திலிருந்து தப்பிப் போன பாதைக்கு. ஒரே பாதையில் இருபது வருடம் நடந்தால் அது குணமாகத்தான் தெரியும், நடந்தவருக்கும் சேர்த்து. இந்த நால்வரில் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறவர் முன்கோபிதான் என்று நினைக்கிறேன். அவமானம் மறுநொடியே கோபமாக மாறிவிடுவதால், தனக்கு வந்தது அவமானம் என்பதே அவருக்குத் தெரியாது. கோபத்தில் உடம்பு நிமிர்கிறது, மார்பு விரிகிறது, குறுகலின் நேரெதிர். அந்த நிமிட ஆறுதலுக்கு வீடு முழுதும் விலை கொடுக்கிறது. அந்தக் கோபத்தைக் கண்டு குறுகும் குழந்தை தன் பாதையை அங்கிருந்தே தேடத் தொடங்குகிறது.

சுபாவம் என்று எதுவுமே கிடையாது என்று சொல்லவில்லை. ஆளுமையை ஐந்து பெரிய அளவுகோல்களில் வைத்துப் பார்க்கும் ஆய்வுகளில், எளிதில் கவலைப்படும் மனப்பாங்கு உள்ளவர்களுக்கு அவமானமும் அடிக்கடி வருவது தெரிகிறது. பிறரோடு இணங்கிப்போகிறவர்கள், பொறுப்போடு ஒழுங்காகச் செய்கிறவர்கள் ஆகியோரிடம் குற்றவுணர்வு கூடுதல். இவற்றில் பிறவியின் பங்கும் உண்டு. ஆனால் "நீங்கள் எந்த வகை ஆள்?" என்று பத்துக் கேள்வியில் சொல்லிவிடும் சோதனைகளை நம்பி ஒருவரை ஒரு பெட்டிக்குள் போட வேண்டாம். அலுவலகத்தில் ஒளிகிறவர் வீட்டில் தாக்குகிறவராக இருப்பது நாம் தினமும் பார்ப்பதுதான்.

அப்படியானால் பாதை மாறுவது எப்போது? மறுபடியும் சானடோரியம். அந்த மருத்துவமனை 1993-ல் எய்ட்ஸ் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது. மற்ற இடங்களில் தொடவே தயங்கிய நாட்கள் அவை. தமிழ்நாட்டிலிருந்து மட்டுமல்லாமல் ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்தார்கள். பக்கத்தில் மருத்துவமனை இருந்தாலும் தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க இரவெல்லாம் பயணம் செய்து வருகிறவர்களும் உண்டு. சானடோரியம் நிலையத்துக்கு எதிரேதான் மெப்ஸ் வளாகம். 1980-களிலிருந்து இயங்கும் ஏற்றுமதித் தொழில் மண்டலம். வேலைக்கு இறங்கும் பெருங்கூட்டத்தில் கலந்து நடந்தால் யார் எந்தப் பக்கம் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. எந்தத் திட்டமும் போடாமல் அமைந்த அந்த மறைவு பல பேருக்குச் சிகிச்சைக்கு வரும் தைரியத்தைக் கொடுத்திருக்கும். 2004 ஏப்ரல் 1-ல் மத்திய அரசு எட்டு அரசு மருத்துவமனைகளில் எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியபோது தாம்பரம் அவற்றில் ஒன்று.

மறைப்பது நல்லதா, சொல்லிவிடுவது நல்லதா? அமெரிக்காவில் ஸ்டீவ் கோல், மார்கரெட் கெமனி, ஷெல்லி டெய்லர் ஆகியோர் செய்த இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் இதன் சிக்கல் புரியும். 1996-ல் வந்தது முதல் ஆய்வு. எச்ஐவி உள்ள தன்பால் ஈர்ப்புடைய ஆண்களில், தங்கள் அடையாளத்தை மறைத்து வாழ்ந்தவர்களுக்கு நோய் வேகமாக முற்றியது. இதோடு நின்றிருந்தால், எல்லோரும் வெளியே சொல்லிவிடுங்கள் என்று எழுதிவிடலாம். மறு ஆண்டு வந்த ஆய்வில் அப்படிப்பட்ட 72 பேர், ஒன்பது ஆண்டுத் தொடர் கவனிப்பு. பிறர் ஒதுக்குவார்களோ என்று மிகவும் கூருணர்வோடு இருந்தவர்களுக்கு எதிர்ப்பு அணுக்கள் சீக்கிரம் சரிந்தன, சாவும் சீக்கிரம் வந்தது. ஆனால் அந்தக் கூருணர்வு உள்ளவர்களிலேயே அடையாளத்தை மறைத்து வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கூடுதல் பாதிப்பு இல்லை. மறைவு அவர்களுக்குக் கவசமாக இருந்தது.

சின்ன ஆய்வுகள்தாம், நல்ல மருந்துகள் பரவலாகும் முன்பு கவனிக்கப்பட்டவர்களும்கூட. ஆனாலும் இவற்றை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். "உன் காயத்தை உலகத்துக்குச் சொல், விடுதலை கிடைக்கும்" என்று இன்று மேடைதோறும் கேட்கிற அறிவுரையை இவை நிறுத்தி யோசிக்க வைக்கின்றன. ஒருவருக்கு மருந்தாவது இன்னொரு சுபாவத்துக்கு விஷமாகலாம். யாரிடம், எப்போது என்பது தெரியாமல் கொட்டிவிடுவதில் வீரமில்லை.

நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா கணவர் மூலம் எச்ஐவி பெற்றவர். தன் நிலையை இந்தியாவில் முதன்முதலில் வெளிப்படையாகப் பேசிய பெண்களில் ஒருவர். 1998-ல் இதே நிலையிலிருந்த வேறு சில பெண்களோடு சேர்ந்து சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார். அந்த மாதிரிக் கூட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை ஸ்னைசரின் கணக்கு நன்றாக விளக்குகிறது. வட்டமாக உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்திகூட இன்னொருத்தியின் மதிப்பை இந்தக் கிருமிக்காகக் குறைக்கப்போவதில்லை. எனவே எச்சரிக்கை மணி அடிக்க அங்கே காரணமே இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது, அந்த நாலு பேர் மாறிவிட்டார்கள். அங்கே கிடைக்கும் நிமிர்வோடுதான் ஒரு பெண் மாமியார் வீட்டில் சொத்துப் பங்கு கேட்கவும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதே என்று வாதாடவும் போக முடிகிறது. அறையில் தனியாக உட்கார்ந்து "நான் மதிப்புள்ளவள்" என்று சொல்லிக்கொள்வதால் அந்த நிமிர்வு வருவது கடினம். மதிப்பு என்பதே பிறர் மனத்தில் இருக்கும் ஒன்றாக நமக்கு உருவாகியிருக்கும்போது.

சட்டமும் தாமதமாக இதே இடத்துக்கு வந்தது. 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம், சம்மதமில்லாமல் ஒருவரின் நிலையை வெளியே சொல்வதைத் தடுக்கிறது, ஒதுக்குவதையும் தடுக்கிறது. யாருடைய கண்கள் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கு.

குடியை விட முயல்கிறவர்களைப் பற்றிய ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். ஜெசிகா டிரேசியும் டேனியல் ராண்டில்ஸும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகக் குடியை நிறுத்தியவர்களிடம் கடைசியாகக் குடித்து வருந்திய நாளைப் பற்றிப் பேசச் சொல்லிப் படம் பிடித்தார்கள். தோள் அதிகமாகத் தொங்கியவர்கள், மார்பு அதிகமாகக் குறுகியவர்கள்தான் பின்னர் மறுபடி குடிக்கப் போனவர்கள். மறுபடி குடித்தவர்களிலும் கூடுதலாகக் குறுகியவர்களே கூடுதலாகக் குடித்தார்கள். "இப்படியாவது புத்தி வரட்டும்" என்று பத்துப் பேர் முன்னால் குடிகாரரை நிறுத்திக் கேவலப்படுத்தும் வழக்கத்துக்கு எதிராக இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. 1980-ல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டிடிகே மருத்துவமனை குடிநோயாளியோடு குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. பார்க்கிற கண்களும் சிகிச்சைக்கு உரியவைதாம்.

கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு வயதில் புரிகிறது. மூன்று வயதில், எளிய விளையாட்டில் தோற்றால் தோளைக் குறுக்குகிறது. பள்ளிக்குப் போவதற்கு முன்பே கருவி தயார். பதினேழு வயதில் பிளஸ் டூ முடிவு வருகிறது. 2017-ல் தமிழ்நாடு அரசு மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. நல்ல முடிவு. ஜிஎஸ்டி சாலை நெடுக டியூஷன் சென்டர்களும் பள்ளிகளும் கட்டும் மார்க் பேனர்கள் மட்டும் இன்னும் நிற்கவில்லை. அதிக மார்க் எடுத்த பிள்ளைகளின் போட்டோவுக்குப் பக்கத்தில் மார்க்கைப் பெரிதாகப் போடுகிறார்கள்.

பாராட்டும் இதில் ஏமாற்றும். நெதர்லாந்தில் எட்டி புரூமெல்மனும் சகாக்களும் 2014-ல் காட்டியது இது: தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கும் குழந்தையை "நீ பிரமாதமான பிள்ளை" என்று ஆளைப் புகழ்ந்தால், அடுத்த தோல்வியில் அதன் வெட்கம் கூடுகிறது. செய்ததைப் புகழ்ந்தால் கூடுவதில்லை. பாசத்தோடு சொல்லும் வார்த்தையே, "தோற்றால் நான் யார்?" என்ற கேள்வியை உள்ளே போட்டுவிடுகிறது.

ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைக்கு ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு உண்டு. தேறினால் அந்த வருடமே கல்லூரி. இடையில் உள்ள வாரங்களில் வீட்டில் பேசப்படும் பேச்சு எந்தப் பாதையைத் திறக்கும், எதை அடைக்கும் என்று இப்போது கணிக்கலாம். "யார் மூஞ்சில முழிக்கிறது?" என்று அப்பா கேட்டால், பிள்ளைக்கு ஒளிவதோ எதிர்த்துக் கத்துவதோதான் மிச்சம். "கெமிஸ்ட்ரி மட்டும்தானே போச்சு? எதிர்வீட்டு அக்கா எம்எஸ்சி கெமிஸ்ட்ரிதான், நானே வந்து கேக்கறேன், சாயங்காலம் அவங்ககிட்டப் போய் உக்காரு" என்று சொன்னால் தோல்வி பாடத்தின் மேல் நிற்கிறது. எதிர்வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்துவிடத்தான் செய்யும். தெரிந்த பிறகு அவர் சொல்லிக்கொடுக்க உட்காருகிறார்.